மனிஷாவைக் 'கண்டு' என்ற சான்றிதழ்

உண்மை என்பது உலகத்தில் ஏற்கெனவே இருக்கிற ஒன்று என்று நினைக்கும் எளிய மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறை மைசூர் அக்ரஹாரத்திலுள்ள எங்கள் வார்டு அலுவலகத்துக்கு வந்து போக வேண்டும். உண்மை இங்கேதான் தயாராகிறது. காலை டீ வந்த பிறகு, வட்ட முத்திரையோடு.

இந்த மகத்தான ஸ்தாபனத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர் சுரேந்தர். அலுவலகம் எதைக் கேட்டாலும் மூன்று காப்பியாகக் கேட்கும். ஆகவே என் பக்தியில் கலப்படம் இருக்காது என்று வாசகர்கள் நம்பலாம்.

ஒரு திங்கட்கிழமை கந்தசாமியும் மகேஸ்வரியும் கடைக்கு வந்தார்கள். கந்தசாமிக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை, சொந்த ஊர் மார்டள்ளி. மகேஸ்வரி ஊதுபத்தி ஃபாக்டரியில் பேக்கிங் செய்பவள். கூடவே இரட்டைப் பின்னலும் முழங்காலில் காய்ந்த சிராய்ப்புமாக அவர்கள் மகள் மனிஷா நின்றாள். பத்தாம் வகுப்பு, பதினேழு முடியச் சில மாதங்கள் பாக்கி. கோ-கோ ஆட்டத்தில் கம்பத்தைத் தொட்டுத் திரும்பும் வேகத்தைப் பார்த்து ஜில்லா அணியில் எடுத்திருந்தார்கள், பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில். மாநிலப் போட்டிக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். பீரோவுக்குள் கிடந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பி.டி. டீச்சர் தேவம்மா அதைப் படித்துவிட்டு, மனிஷாவைப் பார்த்துவிட்டு, மறுபடியும் படித்தாராம்.

ஆணா பெண்ணா என்ற இடத்தில் 'கண்டு' என்று இருந்தது. கன்னடத்தில் கண்டு என்றால் ஆண், ஹெண்ணு என்றால் பெண். பிறந்த அன்று தாய் கண்டாள், தகப்பன் கண்டான், நர்ஸ் கண்டாள். எல்லோரும் கண்டது பெண்ணை. அலுவலகம் மட்டும் எதையும் காணாமலே 'கண்டு' என்று எழுதிவிட்டது. தொலைநோக்கு என்பது இதுதான்.

"இத்தனை வருசமா பாக்கலையா?" என்று கேட்டேன்.

"கன்னடம் பேச வருமுங்க, படிக்க வராதுங்க" என்றார் கந்தசாமி. "பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப அவங்க தேதிய மட்டுந்தான் பாத்தாங்க."

"டீம் பஸ்ஸு அடுத்த வாரம் அண்ணா" என்றாள் மனிஷா.

ஒரே ஒரு சொல்தானே என்று நானும் கூடப் போனேன்.

பிறப்பு இறப்புப் பிரிவு எழுத்தர் லிங்கப்பன் கொள்ளேகால் பக்கத்துக்காரர். வீட்டில் தமிழ்தான். காகிதம் கேட்கும்போது மட்டும் கன்னடத்துக்கு மாறிவிடுவார். சட்டத்துக்கு அவர் கொடுக்கும் மரியாதை அது.

"புள்ளை எங்க?" என்றார்.

"இதானுங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மனிஷாவைப் பார்த்தார். "ஹெண்ணுதான்."

"ஆமாங்க."

"எனக்குத் தெரியுது. ஆனா எனக்குத் தெரிஞ்சது ஆஃபீசுக்குத் தெரிஞ்சதா ஆகாதுல்ல? பொறந்த ஆஸ்பத்திரி லெட்டர் பேக்கு."

பேக்கு என்றால் வேண்டும். அந்த ஆஸ்பத்திரியை மூடி, இடித்து, இப்போது அங்கே கல்யாண மண்டபம் கட்டியிருந்தார்கள். கந்தசாமி அங்கும் போனார். மேனேஜர் நல்ல மனிதர். "மேற்படி தேதியில் எங்கள் மண்டபத்தில் எந்த விசேஷமும் நடைபெறவில்லை" என்று மண்டபத்தின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதிக் கொடுத்தார். லிங்கப்பன் அதை ஆழ்ந்து படித்து, "சீல் இருக்குது" என்று ஃபைலில் சேர்த்துக்கொண்டார். இவ்வளவு திறந்த மனதை நான் வேறெந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

அடுத்ததாக, மனிஷா பெண்தான் என்று அரசு டாக்டர் பரிசோதித்துச் சான்று தர வேண்டும் என்றார். மகேஸ்வரி ஃபாக்டரிக்கு லீவு போட்டு மகளை அழைத்துப் போனாள். திரும்பி வந்தபோது மனிஷா கடைக்குள் வரவில்லை. கடைக்கு வெளியே ஸ்கூட்டர்கள் நிற்கும் இடத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மகேஸ்வரி அந்தக் காகிதத்தை மடித்தபடியே நீட்டினாள்.

"மூணு காப்பி போடுங்கண்ணா. எழுத்து கீழ இருக்கற மாதிரி வைங்க."

ஜெராக்ஸ் மெஷினில் எழுத்து எப்போதும் கீழேதான் இருக்கும். அதைச் சொல்லாமல் போட்டுக் கொடுத்தேன்.

இப்படியாக ஃபைல் பருத்து, பதிவாளர் சொர்ணலதா மேடத்தின் அறையை அடைந்தது. மேடம் தமிழர்களிடம் தமிழிலேயே மறுக்கும் பண்பாளர்.

"மனுவில பெண்ணுன்னு போட்டிருக்கீங்க. சர்டிஃபிகேட்ல ஆண்னு இருக்கு" என்றார். "அப்ப மனு குடுத்தது வேற யாரோ."

"இவளேதானுங்க மேடம்."

"அது நீங்க சொல்றது. ரெண்டும் பொருந்தணும். மனுவில ஆண்னு போட்டுப் புள்ளையக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. அப்புறம் பெண்ணா மாத்தலாம்."

கந்தசாமி கொஞ்சம் யோசித்தார். "பொண்ணு பொண்ணா ஆகறதுக்கு மொதல்ல பையனா இருக்கோணுங்களா?"

"தற்காலிகமாத்தான்."

டாக்டரிடம் போய் வந்த பிறகு அப்போதுதான் மனிஷா வாய் திறந்தாள். "நான் போட மாட்டேன்ப்பா. சும்னே எதுக்கு சுள்ளு எழுதணும்?"

சுள்ளு என்றால் பொய். அந்த அறைக்குள் அந்தச் சொல்லை அதுவரை யாரும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. மேடத்துக்குச் சுள்ளென்று ஏறியது. ஃபைல் 'பரிசீலனை' என்ற பெயருள்ள இரும்பு அலமாரிக்குள் போனது.

பஸ் கிளம்பியது. மனிஷா வழியனுப்பப் போனாள். தனக்குப் பதிலாகப் போகும் பெண்ணுக்குத் தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்து வந்தாளாம். அணி அரையிறுதியில் ஒரு புள்ளியில் தோற்றது. அதைக் கேட்டு அன்று அவள் சாப்பிடவில்லை என்று மகேஸ்வரி சொன்னாள்.

ஆனால் எங்கள் அலுவலகம் பெண் குழந்தைகளை மறக்கிற அலுவலகம் அல்ல. சில மாதங்கள் கழித்துப் பெண் குழந்தைகள் தினம் வந்தது. வாசலில் பந்தல் போட்டு, மைக் கட்டி, வார்டில் பிறந்த சாதனைப் பெண் ஒருத்தியைத் தேடினார்கள். தேவம்மா டீச்சர் மனிஷாவின் பெயரைக் கொடுத்தார். டீச்சர் அப்பாவியாகக் கொடுத்தாரா, வேண்டுமென்றே கொடுத்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேடமே சால்வை போர்த்தினார். "நம்ம வார்டோட ஹெண்ணு மகள்" என்று மைக்கில் சொன்னார். கைதட்டல் அடங்கியதும் மனிஷாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவள் கன்னடத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"எல்லார் முன்னாடியும் என்னைப் பெண்ணுன்னு சொன்னதுக்கு நன்றி மேடம். உங்க ஆஃபீஸ் ரெக்கார்டுல நான் இன்னும் ஆண்தான். ஆம்பளைங்களுக்கு இந்தச் சால்வை கிடையாதுன்னா சொல்லுங்க, திருப்பித் தந்துடறேன்."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பத்திரிகைக்காரர் ஒருவர் அதுவரை மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

மறுநாள் செய்தி வந்தது. அன்றைக்கே அலுவலகத்திலிருந்து ஃபோனும் வந்தது. மனிஷா அதற்குள் பதினேழு வயதுப் பிரிவைத் தாண்டியிருந்தாள். அப்பாவும் அம்மாவும் மட்டும் வந்தார்கள். துணைக்கு நான் போனேன்.

மேடம் பக்கத்தில் நிற்க, லிங்கப்பன் கம்ப்யூட்டரில் பதிவைத் திறந்தார். 'கண்டு'வின் மேல் ஒரு தட்டு. கீழே 'ஹெண்ணு' வந்தது. அதன் மேல் ஒரு தட்டு. பிரிண்டரிலிருந்து காகிதம் சூடாக வந்தது. மேடம் முத்திரை குத்தினார்.

"இவ்வளவுதானுங்களா?" என்றார் கந்தசாமி.

"இவ்வளவுதான்" என்றார் லிங்கப்பன், தொழிலறிந்தவரின் பெருமையோடு. "மொத நாளே பண்ணியிருக்கலாம். மேடம் சொல்லல."

"நீங்க கேக்கலையே லிங்கப்பன்" என்றார் மேடம்.

மகேஸ்வரி சான்றிதழை வாங்கிக்கொள்ளவில்லை. மேஜை மேலேயே விட்டுவிட்டுக் கேட்டாள்.

"அப்பறம் எம்புள்ளைய எதுக்குங்க டாக்டர் முன்னால நிக்க வெச்சீங்க?"

லிங்கப்பன் மேடத்தைப் பார்த்தார். மேடம் முத்திரையைப் பார்த்தார். எங்கள் அலுவலகத்தில் பிறப்புக்கு ஒரு கவுண்டர் உண்டு, இறப்புக்கு ஒன்று, வரிக்கு ஒன்று, புகாருக்குக்கூட ஒன்று உண்டு. மகேஸ்வரியின் கேள்வியை வாங்கிக்கொள்ள மட்டும் கவுண்டர் இல்லை.