எந்தக் கன்னத்தில் மச்சம்?

"ஏட்டி செல்லக்கனி! மச்சத்தை இடம் மாத்திப்புட்டயே!"

சந்தனம் கண்ணாடியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அலறினார். அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்த செல்லக்கனி கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தாள்.

கண்ணாடிப் படத்தில் ராஜபாளையம் பருத்தி வியாபாரி ராஜரத்தினம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை, கடுக்கன், மீசை, கைத்தடி எல்லாம் கோடாகத் தயார். வண்ணம்தான் பாக்கி. வலது கன்னத்தில் மிளகளவு ஒரு மச்சம்.

"நான் தாள்ல எழுதிக் குடுத்தது இடது கன்னம். கண்ணாடிக்குப் பின்பக்கமா எழுதினா இடம் வலமாயிரும், வலம் இடமாயிரும். பன்னெண்டு வருசமா எழுதுத. மறந்துபோச்சாக்கும்?"

"மறந்திருந்தா கைத்தடியும்லா இடது கைக்குப் போயிருக்கும்? அது வலது கையிலதான இருக்கு? நான் கண்ணால பாத்ததை எழுதினேன். மச்சம் வலது கன்னந்தான்."

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்த காலம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்ணாடிப் படம் என்றால் சந்தனம் வீடுதான். ஒரே அறை, ஒரே பலகை. பலகைக்கு இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் பெண்டாட்டி. அவர் ஆளைப் பார்த்துத் தாளில் எழுதுவார். அதைப் பார்த்து அவள் கண்ணாடியின் பின்புறம் அணில் வால் முடித் தூரிகையால் கோடு இழுப்பாள். கோட்டின் மேல் அவர் வண்ணம் பூசுவார். பூசிவிட்டால் அதன்பின் ஒரு புள்ளிகூடச் சேர்க்க முடியாது. ஊரார் மட்டும் அதைச் 'சந்தனம் படம்' என்றே சொன்னார்கள். சந்தனமும் அதைத் திருத்தப் போனதில்லை. கேட்க இனிமையாக இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

வந்த வினை இதுதான். முதல் நாள் ராஜபாளையம் போய் முகத்தை எழுதிவந்தவர் சந்தனம். மறுநாள் போய்த் தலைப்பாகை மடிப்பு, கடுக்கன், சரிகைக்கரை எல்லாம் பார்த்துவந்தவள் செல்லக்கனி. போய்ப் பார்த்துவரலாம் என்றால் ராஜரத்தினம் பஞ்சுப் பொதியோடு தூத்துக்குடி போய்விட்டார். புதுவீடு பால் காய்ச்சும் அன்று காலையில்தான் வருவார். வரும்போது படம் சுவரில் இருக்க வேண்டும்.

"கடுக்கனைப் பாக்கப் போனவளுக்குக் கன்னத்துல என்ன சோலி?"

"கடுக்கனுக்குப் பக்கத்துலதான கன்னம் இருக்கு? கண்ணை மூடிக்கிட்டா பாக்க முடியும்?"

சந்தனத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "சரி, பேச்சு ஒண்ணு. யாரு கண்ணு தப்போ அவுக இனி முகம் எழுதப்படாது. காலம் பூராப் படத்துல பின்னால தொங்குத திரைச்சீலைக்குப் பூப் போட்டுக்கிட்டுக் கெடக்கணும்!"

செல்லக்கனி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சம்மதம். பொறவு பேச்சு மாறப்படாது."

சொல்லிவிட்டாரே தவிர, சந்தனத்துக்கு அப்புறம்தான் உறைத்தது. முகம் எழுதாமல் அவர் எப்படி உயிரோடு இருப்பார்? அவள் எழுதாவிட்டால் இவர் வண்ணம் பூச முகம் ஏது?

ஆனாலும் வீம்பு விடவில்லை. அவள் தண்ணீருக்குப் போனதும் நகத்தால் மச்சத்தைச் சுரண்டி எடுத்து, இடது கன்னத்தில் புதிதாக ஒன்றை வைத்தார். சுரண்டிய வேகத்தில் மீசையின் வலப்பக்க நுனியும் சேர்ந்து வந்துவிட்டது. அவசரமாக அதைத் திரும்ப எழுதியதில் மீசை ஓர் அங்குலம் கூடியது.

திரும்பிவந்த செல்லக்கனி படத்தைப் பார்த்தாள். சாயங்காலம் இவர் கடைத்தெருப் பக்கம் போனபோது, மச்சத்தைப் பழைய கன்னத்துக்கே கொண்டுபோனாள். இப்போது இடப்பக்க மீசைக்குச் சேதம். அதை ஒட்டுப்போட்டதில் அது காதுவரை போய்விட்டது. மறுநாள் சந்தனம் வலப்பக்கத்தையும் காதுவரை இழுத்துச் சமன் செய்தார். பருத்தி வியாபாரி பார்ப்பதற்குக் கோட்டைக் காவல் சேவகர்போல ஆகிவிட்டார்.

பஞ்சாயத்துக்கு, அவர்கள் படங்களுக்கு மரச்சட்டம் அடிக்கும் பால்சாமியைக் கூப்பிட்டார்கள்.

"ஏலே பால்சாமி, நீ ராஜரத்தினம் வீட்டுக்கு அம்புட்டுத் தடவை போயிருக்க. மச்சம் எந்தக் கன்னம்?"

பால்சாமி தலையைச் சொறிந்தான். "அவரு முன்னால நான் என்னைக்கு நிமிந்து நின்னேன்? செருப்பைக் கேளுங்க, சொல்லுதேன்."

சதை வண்ணம் பூச வேண்டிய நாள் வந்தது. விடிந்ததும் சந்தனம் பூனைபோல வந்து, எதையும் அழிக்காமல் இடது கன்னத்தில் ஒரு புள்ளி வைத்தார். அவர் குளிக்கப் போனதும் செல்லக்கனி வந்தாள். வலது கன்னத்து மச்சத்தைச் சுரண்டியிருப்பாரோ என்ற பயத்தில், பார்த்தும் பாராமலும் அதன்மேலேயே இன்னொரு பொட்டு அழுத்தி வைத்துவிட்டுப் போனாள். சந்தனமும் அவள் மச்சம் வைத்த கன்னத்தைப் பார்க்கவே கூடாது என்ற ரோஷத்தில் விறுவிறுவென்று வண்ணத்தைப் பூசி முடித்தார்.

காய்ந்தபின் இருவரும் சேர்ந்து திருப்பினார்கள்.

இரண்டு கன்னத்திலும் மச்சம். இடப்பக்கம் மிளகு, வலப்பக்கம் சுண்டைக்காய்.

"இனி என்ன செய்ய?" என்றாள் செல்லக்கனி.

"வண்டி கட்ட வேண்டியதுதான்" என்றார் சந்தனம்.

ராஜபாளையம் போகும் வழி முழுக்க இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் வண்டி பள்ளத்தில் இறங்கியபோதெல்லாம் நான்கு கைகளும் ஒன்றாகக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டன.

புதுவீட்டுக் கூடத்தில் படம் ஏறியது. சொந்தபந்தம் திரண்டு நின்றது. சரிகைக்கரை தகதகத்தது. தலைப்பாகையின் ஒவ்வொரு மடிப்பும் தொட்டு எடுக்கலாம்போல இருந்தது. இத்தனை குளறுபடியிலும் சந்தனத்துக்குப் பெருமை பொங்கியது. அந்த மடிப்பு அவளுடைய கை.

ராஜரத்தினம் வந்து படத்தின் முன் நின்றார். சந்தனம் அவரது இடது கன்னத்தைப் பார்த்தார். செல்லக்கனி வலது கன்னத்தைப் பார்த்தாள். பிறகு இருவரும் மாற்றிப் பார்த்தார்கள்.

துடைத்த வெண்கலமாக இரண்டு கன்னமும் வெறுமையாக இருந்தன.

"என்ன சந்தனம், எனக்கு ஏதுவே மச்சம்? அதுவும் சோடியா?"

கூடமே சிரித்தது. யாரோ ஒருவர், "பொம்பளையைக் கோடு இழுக்க விட்டா இப்படித்தான்" என்றார்.

சந்தனத்தின் முதுகு நிமிர்ந்தது. "மச்சம் என் தப்பு. ஆனா அந்தத் தலைப்பா, கடுக்கன், நீங்க உக்காந்திருக்க மிடுக்கு, அம்புட்டும் இவ கை. ஊரு சொல்லுத சந்தனம் படத்துல பாதி செல்லக்கனி படம். இத்தனை வருசமா நான் அதைச் சொல்லாம இருந்தேன். அதுவும் என் தப்புத்தான்."

செல்லக்கனிக்குக் கண் நிறைந்துவிட்டது. "இல்லய்யா, தப்பு என்னுது. அவுக கண்ணு என்னைக்கும் தப்பாது."

"ரெண்டு பேரு கண்ணும் தப்பிப்போச்சு. இல்லாததை எழுதுதவக கையில மூஞ்சியைக் குடுக்க முடியுமா? இனிமே பூவும் கொடியும் எழுதுங்க. படத்தைக் கழட்டுங்கப்பா" என்றார் ராஜரத்தினம்.

சந்தனம் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போயிற்று, முகம்.

அப்போது உள்ளிருந்து பால் சொம்போடு வந்த ராஜரத்தினத்தின் மனைவி ஆவுடையம்மாள், படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கழட்டாதிய! படம் எழுதுதவக கண்ணு பொல்லாததாச்சேன்னு, தலைப்பா கட்டிவிடுத சாக்குல எங்க வீட்டுக்காரவுகளுக்கே தெரியாம மொத நாளு இடது கன்னத்துலயும் மறுநாளு வலது கன்னத்துலயும் திருஷ்டிப்பொட்டு வச்சுவிட்டது நாந்தான்!"