பெரட்டு உபதேசியார்

உலகத்திலேயே கண்ணைத் திறந்துகொண்டு ஜெபம் செய்த ஒரே உபதேசியார், லுணுகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டு உபதேசியார்தான். கேட்டால், "கண்ண மூடிட்டா யாரு வரலன்னு எப்படிங்க தெரியும்?" என்பார்.

பெரட்டு என்றால் காலையில் கங்காணி பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. இவர் அதை ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குள் கொண்டுவந்துவிட்டார். தோட்டத்து இந்துக்கள் பெயரையும் சேர்த்தே கூப்பிடுவார்; அக்கம்பக்கத்தார் அவர்களுடைய சுகம் சொல்ல வேண்டும். பிறகு வேலை. "ஆரோக்கியம், நீ மூணாம் லயத்துக்கு வெறகு. சேர், நீங்க முத்தையாவுக்குக் கடதாசி எழுதிக் குடுங்க." சேர் என்பது நான்தான், தோட்டத்து வாத்தியார். பிரசங்கம் கேட்கப் போய் வேலையோடு திரும்பிய பாவி.

தன் பெயருக்குத் தானே பதில் சொன்ன இந்து ஒருத்திதான்: லயங்களில் வரிசை வீடுகளின் வாசலும் கக்கூசும் கூட்டிய கருப்பாயி. எங்கள் ஆட்கள் யாரும் அவளை வீட்டுக்குள் விட்டதில்லை. கோயிலுக்குள்ளும் வரமாட்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்று, "இருக்கேன் சாமி!" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போவாள்.

ஒரு ஞாயிறு பதுளையிலிருந்து பெரிய போதகர் வந்திருந்தார். இன்றைக்கு மட்டும் பெரட்டு வேண்டாமே என்று கெஞ்சினேன். மனிதர் கேட்டால்தானே!

"கருப்பாயி?"

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். மழைச் சத்தம்தான் கேட்டது. போதகர் நிலைமையைச் சமாளிக்க எழுந்து ஆசீர்வாதத்துக்குக் கையை உயர்த்தினார். "ஆமென் அப்புறம்!" என்று கத்திக்கொண்டு உபதேசியார் வெளியே ஓடினார்.

லயத்தின் கடைசிக் காம்பரா அறையில் கருப்பாயி இடுப்பு முறிந்து கிடந்தாள். முந்தின நாள் விழுந்தவள். பக்கத்தில் ஒருவரும் கதவைத் தள்ளிப் பார்க்கவில்லை. மழையில் லொறி மேலே ஏறாது. கோயிலில் போதகர் மட்டும் உட்காரும் மெத்தை வைத்த நாற்காலியைத் தூக்கி வரச் சொன்னார் உபதேசியார்.

"ஐயா, கைய எறக்கிட்டு நாக்காலிக் காலப் புடிங்க."

ஆசீர்வாதக் கையோடு பின்னாலேயே வந்து நின்ற போதகர் பிடித்தார்.

"தொடாதீங்க சாமி, தீட்டு!" என்று கருப்பாயி அழுதாள்.

"பேசாம இரு. பெரட்டுக்குப் பதில் சொல்லாததுக்கு இதான் தண்டன."

ரோட்டுவரை முறை போட்டுச் சுமந்தோம். அவளுக்கு ஒரு வாய் தேத்தண்ணி கொடுத்திராத நானும் சுமந்தேன். வெட்கமாக இருந்தது.

இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பிழைத்திருக்கமாட்டாள் என்றார் டொக்டர். குணமாகி வந்தவள் கோயிலுக்குள் அதே நாற்காலியில் உட்கார்ந்து "இருக்கேன் சாமி!" என்றாள். மாரியம்மனையும் விடவில்லை. உபதேசியாரும் விடச் சொல்லவில்லை.

இப்போது உபதேசியார் எல்ல என்ற ஊரில், மகள் வீட்டில். ஞாயிறு காலை எட்டு மணிக்கு எனக்கு போன் வரும். "சேர்?" "இருக்கேங்க." அவ்வளவுதான், வைத்துவிடுவார். பெரிய தொல்லை என்று மனைவியிடம் சலித்துக்கொள்வேன்.

போன ஞாயிறு எட்டரை ஆகியும் போன் வரவில்லை. நானே போன் போட்டேன்.

"உபதேசியாரே?"

முதலில் ஒரு இருமல்.

"இருக்கேன் சேர். என் பேர யாருதான் கூப்பிடுறாங்கன்னு பாத்தேன்."