வேலி இல்லாத நகரத்தின் மேல் நான் உட்கார்ந்த விபரம்

கல்முனைக்குடி,
18.03.1955

அன்பு மருமகன் ஜெமீலுக்கு, உன் மாமா ஸலாஹுதீன் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும், உன் மாமி நபீஸாவும், மகள் ஸாலிஹாவும், அடுத்த வளவில் உன் உம்மாவும் சுகம். மாடும் சுகம். அங்கே நீயும், சித்திரக் கல்லூரியில் உன்னோடு படிக்கும் சிநேகிதர்களும், கொழும்புக் கடைச் சாப்பாட்டை இன்னும் தாங்கிக்கொண்டிருக்கும் உன் வயிறும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். சுகம் விசாரிப்பது இத்துடன் முடிந்தது. இனி வருவது சுகமான சங்கதி அல்ல.

மகனே, நான் உன் நகரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்ப வாசிக்க வேண்டாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். கல்முனைக் கோட்டுக்கு முன்னால் மேசை போட்டு இருபத்திரண்டு வருடமாக ஊராருக்குப் பெட்டிசன் எழுதுகிறவன் நான். என் கட்சிக்காரன் எவனும் இன்றுவரை ஒரு குற்றமும் செய்ததில்லை. எல்லாம் எதிராளி செய்தது, அல்லது மாடு செய்தது. இந்த விசயத்தில் எதிராளியும் இல்லை, மாட்டையும் அன்றைக்குக் கட்டித்தான் வைத்திருந்தோம். ஆகையால் முதன்முறையாக உள்ளதை உள்ளபடி எழுதவேண்டிய நிலைக்கு வந்திருக்கிறேன். பழக்கமில்லாத வேலை. ஒரு சின்ன விசயத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: உனக்கும் ஸாலிஹாவுக்கும் கல்யாணப் பேச்சு முற்றாகிவிட்டால் நம்முடைய முறைப்படி நான் உன்னை 'நீங்கள்' என்று கூப்பிட வேண்டும். அதற்குமுன் 'நீ' போட்டு எழுதக் கிடைக்கும் கடைசிக் கடிதமாக இது இருக்கலாம், அல்லது இதோடு பேச்சே முறிந்து காலம் முழுக்க 'நீ'யாகவே நீ இருந்துவிடலாம். எது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை சாய்ந்தமருதில் ஒரு கல்யாணம். உனக்குத் தெரியும், நாலு பேர் சேர்ந்து சாப்பிட ஒரு சஹன் தட்டு. என் சஹனில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் பல் இல்லை. இறைச்சியை வீணாக்கினால் பாவம் என்று நாலு பேருடைய பங்கையும் நான் ஒருவனே நிறைவேற்ற வேண்டியதாயிற்று. பிறகு அந்த வெயிலில் கடற்கரையோரமாக நடந்து வந்தேன். வந்தவன் நேரே என் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஸாலிஹாவுக்கென்று கட்டிக்கொண்டிருக்கும் புது வீட்டின் மண்டபம் குளிர்ச்சியாக இருக்குமே என்று அங்கே நுழைந்தேன். வெளிவெயிலில் இருந்து உள்ளே போனவனுக்குக் கண் தெரியுமா? மூலையில் தாழ்வான ஒரு பலகை, அதன் மேல் வெள்ளைத் துணி, மெத்தை போல ஒரு மேடு. கொழும்புக் கண்காட்சிக்கென்று நீ களிமண்ணில் செய்த மாதிரி நகரம் வெடிக்காமல் இருக்க ஈரச்சாக்கும் துணியும் போட்டு மூடி வைக்கும்படி நீதான் சொல்லிவிட்டுப் போனாய் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் ஞாபகம் வருவதற்கும் உட்காருவதற்கும் இடையில் ஒரு நொடி பிந்திவிட்டது. ஈர்க்கும் சிப்பியும் சேர்ந்து நொறுங்குகிற சத்தம் கேட்டது. எழும்பித் துணியைத் தூக்கிப் பார்த்தேன். தென்பகுதியில் முப்பத்திநாலு வீடு, வட்டச் சந்தை, பள்ளிக்கூடம், கடலோரக் களப்பு ஏரியில் பாதி, எல்லாம் போய்விட்டன. வடக்கே குளக்கட்டும் வயலும் தப்பியிருந்தன. என் உடம்புக்கும் ஓர் எல்லை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மருமகனே, நான் அங்கே நசுக்கியது களிமண்ணை மட்டும் அல்ல. இருபத்தைந்தாம் தேதி கண்காட்சிக் குழு பார்க்கவிருக்கிறது, அவர்கள் அதை ஏற்றுக்கொண்டபிறகுதான் ஸாலிஹாவைப் பற்றிப் பதில் சொல்வேன் என்று நீ உன் உம்மாவிடம் சொன்னதாக அவ என்னிடம் சொன்னா. இந்தக் கரையில் வீடு கட்டிக் கொடுக்காமல் எந்த வாப்பாவும் மகளுக்கு மாப்பிள்ளை கேட்க ஏலாது. நான் அந்த வீட்டுக்குத் தரை போட்டு முடிக்கும் முன்னமே மாப்பிள்ளையின் நகரத்தை அழித்துவிட்டு நிற்கிறேன்.

சத்தம் கேட்டு உன் மாமி ஓடிவந்தா. பார்த்தா. பிறகு கேட்டா:

"உங்களுக்கு இரிக்கிறத்துக்கு இந்த ஊருல வேற இடமே கிடைக்கல்லியா?"



உடனே மேசன் புண்ணியமூர்த்தியைக் கூப்பிட்டனுப்பினேன். நம்முடைய புது வீட்டுக்குச் சுவர் எழுப்புகிற மனிசன், மண் வேலையில் கெட்டிக்காரன். தூக்குக்குண்டும் மட்டப்பலகையுமாக வந்து பலகைக்கு முன்னால் குந்தியிருந்து, ஒரு சுருட்டு முடியும்வரை உன் நகரத்தைப் பார்த்தான்.

"காக்கா, இந்தத் தெருவெல்லாம் ஏன் பாம்பு மாதிரி வளைஞ்சு கிடக்கு? நீங்க இருந்ததாலயா?"

"இல்ல தம்பி, அது முதல்லயே அப்பிடித்தான். வரம்பு போற போக்குல, களப்பு வளையிற போக்குல தெரு போகணும் எண்டு மருமகன் சொன்னான்."

"இந்த ரெண்டு பள்ளமும்?"

"அதுதான் நான்."

புண்ணியமூர்த்தி சிரிக்கவில்லை, மனிசனுக்கு நல்ல குணம். "இத நிரவ வேணாம் காக்கா," என்றான். "ரெண்டு சின்னக் குளம் எண்டு விட்டிருவம். தெக்குப் பக்கத்து வயலுக்குத் தண்ணி எங்கால வாறது? உங்கட மருமகன் அத யோசிக்கவே இல்ல." ஆகவே உன் நகரத்தில் இப்போது இரண்டு குளம் கூடுதலாக இருக்கிறது. ஓரத்தில் சிப்பி பதித்திருக்கிறோம். பார்ப்பதற்கு மோசமில்லை.

அன்று இரவுக்குள் சந்தை எழும்பிவிட்டது. வீடுகளும் ஒவ்வொன்றாக எழும்பின. இதோடு விசயம் முடிந்திருக்கும். ஆனால் பஸ் நிலையத்தடித் தேத்தண்ணிக்கடை ஹமீட் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே வந்தான். நான் நகரத்தின் மேல் இருந்த கதை அதற்குள் மருதமுனை வரை போய்விட்டது. வந்தவன் குளத்தைப் பார்த்தான், வயலைப் பார்த்தான், ஒரே அளவில் நிற்கும் வீடுகளைப் பார்த்தான். சிரிக்க மறந்துபோய் ஓடினான். மறுநாள் ஜும்ஆ முடிந்து நான் வெளியே வரும்போது ஊருக்குள் கதை இப்படி இருந்தது: அம்பாறைப் பக்கம் காட்டை வெட்டிக் கொலனி கட்டுகிற அரசாங்கம் இப்போது நம்முடைய கரைக்கும் ஒரு கொலனி கட்டப்போகிறது, அதன் பிளான் ஸலாஹுதீன்ட வளவுக்குள்ள கிடக்கிறது, அதைக் கைவசப்படுத்தத்தான் அவர் அதுக்கு மேல ஏறி இருந்தவர்.

பெண்பிள்ளைகளைப் பெற்ற வாப்பாமார் எல்லாரும் புது வீட்டு மண்டபத்தில் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கட்டவேண்டிய ஊரில் இலவசமாக அறுபது வீடு பலகையில் நிற்கிறது என்றால் வரமாட்டார்களா? முன்னுக்கு நின்றவன் புடவைக்கடை றஸாக்.

"எனக்கு அஞ்சு பொம்புளப் புள்ள எண்டு உங்களுக்குத் தெரியும். அஞ்சு வளவும் ஒண்டோட ஒண்டு ஒட்டி வேணும். கிணறு ஒண்டு போதும்."

"றஸாக், இது கொலனி இல்ல. இது கலை."

"கலையெண்டா அது எந்த டிப்பார்ட்மெண்டு?"

"எந்த டிப்பார்ட்மெண்டும் இல்ல மச்சான். மனிசன் எப்பிடி இரிக்கலாம் எண்டு ஜெமீல் யோசிச்சுச் செஞ்சது."

"அதத்தான் நானும் கேக்கன். யோசிச்சது போதும், எப்ப தாறாங்க?"

அதற்குமேல் என்னால் வாதாட முடியவில்லை. நான் பெட்டிசன் எழுதுகிறவன், கோட்டில் வாதாடும் அப்புக்காத்து அல்ல. தோணிக்கார பதியுதீன் கடற்கரை மூலை வளவு தன்னுடைய மகளுக்குத்தான் என்று விரலை ஊன்றினான். அது தன்னுடைய இரண்டாவது மகளுக்கு என்று றஸாக் பக்கத்தில் தன் விரலை ஊன்றினான். உன் நகரத்தில் முதலாவது காணிச் சண்டை அங்கே தொடங்கியது. காணி என்றால் எல்லை வேண்டும். எல்லை என்றால் வேலி வேண்டும். யார் முதலில் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒவ்வொருவரும் விளக்குமாற்றில் ஈர்க்கு முறித்து, தன் தன் மகளின் வளவைச் சுற்றிக் குத்திவிட்டார்கள். உன் மாமியின் விளக்குமாற்றில் பிடி மட்டும்தான் மிஞ்சியது. வேலியே இல்லாத ஒரு நகரத்தைச் செய்ய நீ நாலு மாதம் எடுத்தாய். பின்னேரம் அசர்த் தொழுகைக்கு வாங்கு சொல்வதற்குள் நம்முடைய ஆட்கள் அதில் அறுபது வேலி கட்டி முடித்துவிட்டார்கள்.

அவர்கள் போனபின் ஓர் ஈர்க்கைப் பிடுங்கிப் பார்த்தேன். மண் இறுகிவிட்டது, ஈர்க்கோடு சேர்ந்து ஒரு வீட்டின் சுவரும் வந்தது. பிடுங்குவதை விட்டுவிட்டேன். போன மாதம் இதே மண்டபத்தில் நீ நின்று சொன்னது என் காதில் கேட்டது. கொலனியில் வீடுகளைக் கோடு பிடித்து, அடைவைத்த முட்டை மாதிரி வைத்திருக்கிறார்கள் மாமா, அங்கே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, மண்ணையும் தண்ணீரையும் கேட்டு ஓர் ஊர் கட்டினால் எப்படியிருக்கும் என்று ஒருமுறையாவது கண்ணால் பார்க்கவேண்டும் என்றாய். நான் அப்போது கொட்டாவி விட்டேன். ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், மகனே. இப்போது அந்த ஊரைக் கொழும்புக்கு அனுப்பினால் அவமானம், அனுப்பாவிட்டால் உன் நாலு மாதமும் போச்சு, உன் பதிலும் போச்சு.

சனிக்கிழமை காலை நான் போனபோது ஸாலிஹா பலகைக்கு முன்னால் இருந்தாள், கையில் தையல் கத்தரிக்கோல். ஒவ்வொரு வேலியிலும் பின்பக்கமாக இரண்டு மூன்று ஈர்க்கை அடியோடு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன மகள் செய்றாய்?"

"வழி வைக்கன் வாப்பா. வேலியில ஆள் நுழையிறத்துக்கு ஒரு இடைவெளி இல்லாட்டி பொம்புளயள் எப்பிடிப் போய் வாறது? ஒரு நெருப்புக்கொள்ளி வாங்குறதெண்டாலும் தெருவால போக ஏலுமா?"

"ஜெமீல் வேலியே வேணாம் எண்டுதானே செஞ்சவன்."

அடுத்த வேலிக்குக் கத்தரிக்கோலை நகர்த்தினாள். "அவர் ஆம்புள. அவருக்கு வேலி இல்லாட்டிக் காத்து வரும். எனக்கு வேலி இல்லாட்டிக் குளிக்க ஏலாது. வேலியும் இரிக்கட்டும், வழியும் இரிக்கட்டும்."

நாலு நாள் இருந்து அறுபது வேலியையும் முடித்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்பக்கம் ஒரு கதவும் வைத்தாள். நீ எந்த வீட்டுக்கும் பின்கதவு வைக்கவில்லை, தெரியுமா? இப்போது உன் தெருவில் ஒரு கால்கூட வைக்காமல், வளவுக்கு வளவு, குசினிக்குக் குசினி, குளக்கட்டில் இருந்து கடல்வரை ஒரு பெண் போய்வரலாம். நான் பேனாவின் முனையால் போய்ப் பார்த்தேன். எங்கேயும் முட்டவில்லை. றஸாக்கின் ஐந்து மகள்மாரும் ஒரே கிணற்றுக்கு வந்து சேருகிறார்கள். கடற்கரை மூலை வளவை இரண்டாகப் பிரித்து நடுவில் வழி வைத்ததில் பதியுதீனும் றஸாக்கும்கூட இப்போது கதைக்கிறார்கள். கலை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் மனிசன் எப்படி இருக்கலாம் என்று யோசிப்பதுதான் கலை என்றால், அவளும் கொஞ்சம் யோசித்திருக்கிறாள்.

நேற்று வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடைத்து, நெல் லொறியில் மட்டக்களப்பு ஸ்டேசனுக்கு அனுப்பிவிட்டோம். புண்ணியமூர்த்தி கூடவே போனான், லொறி குலுங்கும் இடமெல்லாம் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனதாகச் சொன்னான். நாளை மறுநாள் உன் கைக்கு வரும். திறந்து பார்த்துவிட்டு, அது உன் நகரம் இல்லை என்று தோன்றினால் குழுவுக்குக் காட்டாதே; இது மாமா செய்த அழிவு என்று சொல்லிவிடு. கோபிப்பதென்றால் என்னைக் கோபி. மருதமுனை வரை ஊர் என்னைப் பார்த்துச் சிரித்ததையே தாங்கியவன், உன் ஒரு கடிதத்தைத் தாங்கமாட்டேனா? ஆனால் ஸாலிஹாவுக்குச் சொல்லும் பதிலை என் பாரத்தை வைத்து நிறுக்காதே. அந்தப் பதில் 'ஓம்' என்று வந்தால் அடுத்த கடிதத்தில் இருந்து 'நீங்கள்' போடுவேன். போட ஆசையாகத்தான் இருக்கிறது.

உன் உம்மா ஸலாம் சொல்லச் சொன்னா. தலைக்கு எண்ணெய் வைக்கவும் சொன்னா. உன் மாமி நபீஸாவும் ஸலாம் சொன்னா, புது விளக்குமாறு வாங்கியாயிற்று என்றும் எழுதச் சொன்னா. அல்லாஹ் உனக்கு ஆயுளையும், உன் கைக்கு உறுதியையும், உன் மாமாவுக்கு உட்காரும் முன் குனிந்து பார்க்கும் புத்தியையும் தருவானாக.

இப்படிக்கு,
உன் மாமா
ஸலாஹுதீன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை ஸாலிஹா வாசித்துப் பார்த்துச் சரி என்று தந்தாள். இதைத் தபால் கந்தோரில், அங்கே நூலில் கட்டியிருக்கும் பேனாவால் எழுதுகிறேன். இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது, உன் மாமிக்கும் தெரியாது, நீயும் தெரிந்துகொள்ளாதே. அந்த வியாழக்கிழமை நான் கல்யாண வீட்டில் இருந்து வரும்போது அசர் தாண்டிவிட்டது. பகலெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் போல; துணியை விலக்கி, முழங்கை இரண்டையும் ஊன்றி, உன் நகரத்தின் மேலேயே தூங்கிப்போயிருந்தாள். எழுப்பி அனுப்பிவிட்டு, அவள் முழங்கைப் பள்ளம் இரண்டின் மேலும் நான் உட்கார்ந்தேன்; உன் மாமி கேட்டது அந்தச் சத்தம். அவள் கன்னத்தில் உன் தெரு ஒன்று வளைந்தபடி பதிந்திருந்தது.