தட்டத்தோடு போய் வேட்டைக் காணி கேட்டது

மதிப்புக்குரிய மச்சான் அருள்நாயகம் அவர்களுக்கு,

கனடா மல்வேர்னிலிருந்து ஸ்ரீஸ்கந்தராசா எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை ஜெயமலரும் நலம். ஜேர்மனியில் உங்கள் நலமும் உங்கள் இடது முழங்காலின் நலமும் அறிய ஆவல். இதைத் தொலைபேசியில் சொல்லத்தான் இருந்தேன். ஆனால் நீங்கள் இடையில் சிரிப்பீர்கள், சிரித்தால் எனக்கு மிச்சம் சொல்ல வராது. அதனால் கடிதம்.

தைப்பொங்கலன்று நீங்கள், "கனடா வந்தால் பிரேரி டோக் சுடவேணும், காணி ஒண்டு பிடிச்சுத் தருவீரோ?" என்று கேட்டீர்கள். "காணியெல்லாம் ரெடி மச்சான், நீங்கள் துவக்கோட வாங்கோ" என்றேன். அப்போது என்னிடம் ஒரு பூந்தொட்டிகூட இல்லை, ஒன்பதாம் மாடியில் இருக்கிறோம். உங்கள் தங்கையைக் கட்டிய நாள் முதல் என்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். ஜேர்மன் வேட்டைச் சோதனையே பாஸ் பண்ணிய மனிதர் முதல்முறையாக என்னிடம் ஒன்று கேட்டதும் வாய் தானாக ஓம் என்றுவிட்டது. அடுத்த கிழமையே நீங்கள் டிக்கெட் எடுத்துவிட்டீர்கள்.

பிறகுதான் விசாரித்தேன். பிரேரி டோக் என்கிற அந்தப் புல்வெளி அணில் இந்தப் பக்கமே இல்லையாம், மேற்கே காரில் நாட்கணக்காக ஓடவேண்டுமாம். இங்கே இருப்பது அதன் கொழுத்த தமையன், கிரவுண்ட்ஹொக். பூனையளவு பெருச்சாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலெல்லாம் வளை தோண்டி மாட்டின் காலை முறிக்க வைக்கும். ஆனால் தனியார் காணியில் சுடுவதற்குச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும், வாசலுக்குப் போய்க் கேட்கவேண்டும். ஸ்ரௌவ்வில் பக்கம் நான் குறித்துவைத்த வயலுக்குப் போனால், அது வீடுகளாகிவிட்டது, எங்கள் ஆள் ஒருவர் புதுவீட்டுக்குப் பிளாஸ்ரிக் மாவிலை கட்டிக்கொண்டு நிற்கிறார். கடைசியில் ஒஷாவாவுக்கு அப்பால் ஒரு வயதான கமக்காரர் அகப்பட்டார்.

ஒன்றைக் கேட்கப் போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போகலாமா? ஜெயமலர் பட்டுச்சேலை உடுத்து, தட்டத்தில் மாம்பழமும் வாழைப்பழமும் கேக்கும் அடுக்கினா. நான் கோட்டுப் போட்டேன். கார் ஓட்டச் சிநேகிதன் சிவபாதம். நல்ல காரியத்துக்கு மூன்று பேராய்ப் போகக்கூடாது என்று பக்கத்து வீட்டு றெஜினா அன்ரியையும் ஏற்றினோம். போன உடனே வந்த காரியத்தைச் சொல்வது மரியாதை இல்லை. ஆகவே காணி எத்தனை ஏக்கர், கிணறு வற்றுமா, பிள்ளைகள் கமம் செய்வார்களா என்று சுகம் விசாரித்தோம். கமக்காரரின் மனைவி எங்களை நிலவறை முதல் மேல்மாடி வரை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினா. றெஜினா அன்ரி அலுமாரிகளைத் திறந்து பார்த்தா. குசினி நல்ல வெளிச்சம் என்று நானும் சொல்லி வைத்தேன். கீழே வந்ததும் கமக்காரர் குரலைத் தாழ்த்தி, "சரி, என்ன விலைக்குக் கேட்கிறீர்கள்?" என்றார்.

"வீடு வாங்க இல்லை ஐயா, உங்கள் வயலில் கிரவுண்ட்ஹொக் சுட வந்தோம்" என்றேன். மனிதர் பட்டுச்சேலையையும் தட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார் மச்சான், கதிரை பின்னால் சரியுமட்டும் சிரித்தார். சம்மதமும் தந்தார். ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும். மற்ற நாட்களில் பக்கத்துக் காணியில் குதிரை பழக்குகிறார்களாம், வெடிச்சத்தம் ஆகாதாம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். காரில் ஏறியதும் ஜெயமலர், "வெள்ளிக்கிழமையில முட்டைகூட உடைக்காத குடும்பம். அண்ணை உயிர்க்கொலை செய்யிறதோ?" என்றா.

கேக்கின் ருசியில் மயங்கி, கமக்காரரின் மனைவி வேலியோரம் ஒரு துண்டு நிலத்தை ஜெயமலருக்கு விட்டிருந்தா. சமாதானப்படுத்தலாம் என்று அங்கே கத்தரிக்கன்று நடக் கூட்டிக்கொண்டு போனேன். நட்டு முடித்து நிமிர்ந்தால், வளை வாசலில் ஒரு கிரவுண்ட்ஹொக் எழும்பி, முன்கைகளை நெஞ்சில் சேர்த்தபடி நிற்கிறது. "பாருங்கோ, கும்பிடுது. கும்பிட்ட சீவனைச் சுட்டால் எங்களுக்கு விளங்காது. அண்ணை துவக்கோட வந்தால் நான் கதவு திறக்கமாட்டன்" என்றா.

ஆகவே மச்சான், சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீங்கள் கேட்ட ஒரே ஒன்றை என்னால் தர முடியவில்லை. துவக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நயாகராவுக்குக் கூட்டிப்போகிறேன். நீர்வீழ்ச்சியைச் சுட முடியாது என்பது எனக்கும் தெரியும்.

வீட்டில் அக்காவுக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். முழங்காலுக்கு எண்ணெய் பூச மறக்கவேண்டாம். முருகன் உங்கள் வீட்டில் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வான்.

இங்ஙனம்,
அன்பு மச்சான்
ஸ்ரீஸ்கந்தராசா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் இன்று காலை தோட்டம் பார்க்கப் போனோம். ஒரு கத்தரிக்கன்றுகூட இல்லை, தண்டும் இல்லை. வரிசையின் முடிவில் அது நின்றது, கடைசி இலையை வாயில் வைத்துக்கொண்டு கும்பிட்டது. காரில் ஏறும்போது ஜெயமலர் சொன்னா. "அண்ணையை முதல் வாற பிளேனில துவக்கோட ஏறச் சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமையைப் பற்றி முருகனோட நான் கதைக்கிறன்."