டாக்டரின் இரண்டு போத்தல்களும் நான் கட்டிய நூலும்

பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, ஒரு நாள் காலை எனக்குக் கிடைத்த வேலை இதுதான்: ஊசி போட்டுக்கொண்டவர்களின் கையில் நூல் கட்டுவது.

நூல் கட்டத் தெரியாதவன் உண்டா?

வயிற்றுப்போக்கு வராமல் தடுக்கும் புது ஊசி. கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். மலாக்கா டவுனில் அவருடைய ஆபீசில் ஒரு குமாஸ்தா நாற்காலி காலியாக இருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே!

"இந்தச் சோதனையைப் பிசகில்லாமல் முடிச்சுத் தாரும் காணும். அந்தக் கதிரைக்கு உம்மைச் சிபாரிசு பண்ணுறன்" என்றார்.

அந்தக் கணமே என் மனம் மின்விசிறியடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

டாக்டர் இரண்டு போத்தல்களை மேசையில் வைத்தார். "ஒண்டில மருந்து. மற்றதில வெறும் உப்புத் தண்ணி. காலமைப் பெரட்டில பேர் கூப்பிட நிக்கிற வரிசைப்படி ஒராளுக்கு இது, அடுத்தாளுக்கு அது."

"உப்புத் தண்ணீர் எதற்கு ஐயா?"

"எல்லாருக்கும் மருந்தைக் குத்தி, ஒருத்தருக்கும் வயித்தால போகேல்லை எண்டால், அது மருந்தாலயோ மழை நிண்டதாலயோ, எப்பிடிச் சொல்லுவீர்? ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரித் திண்டு, ஒரே மாதிரிக் குடிச்சு இருக்கவேணும். ஊசி மட்டும்தான் வித்தியாசம்."

"எதில் மருந்து?"

"உமக்குச் சொல்லமாட்டன். உம்மட முகம் ஊருக்கே சொல்லிப்போடும். இடப்பக்கத்துப் போத்தல்காரருக்கு மட்டும் ஓர் அடையாளம் கட்டிவிடும், போதும்."

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்லன். வெள்ளை நூல் ரப்பர் பாலில் அழுக்காகும். ஆகவே மஞ்சளில் தோய்த்தேன். மஞ்சள் கிருமிநாசினி என்று படித்திருந்தேன். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை என்று விதி வகுத்தேன். ஒழுங்கு வேண்டாமா?

மாரியம்மன் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. நான் திருவிழா நாட்களில் புத்தகம் படிக்கிறவன்.

முதலில் நின்றவன் முனியன், கள்ளுக்கடையின் தூண். டாக்டர் இடப்பக்கத்துப் போத்தலிலிருந்து ஊசி குத்தியதும் நூலைக் கட்டினேன்.

"இன்னிக்கேவா, கிராணி ஐயா? பூசாரி வரலையே!"

"பூசாரி எதற்கப்பா? டாக்டர் இருக்கிறாரே!"

முனியன் நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஆகா, விஞ்ஞானத்துக்கு இவ்வளவு மரியாதையா!

அடுத்து அவன் மனைவி அஞ்சலை. அவளுக்கு வலப்பக்கத்துப் போத்தல், நூல் கிடையாது.

"அவருக்கு மட்டும் கட்டுனீங்க. நா என்னா பாவம் பண்ணேன்?"

"வரிசைப்படிதான், அம்மா."

"ஆத்தா வரிசை பாத்தா கூப்புடுவா?"

என்ன விசித்திரமான கேள்வி என்று நினைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

சாயங்காலம் கள்ளுக்கடைக்காரர் ஓடிவந்தார். "ஐயா, பாதிக் கடை காலியா கெடக்குலா! முனியன் வரல! கல்யாணத்தன்னிக்கே வந்த ஆளுலா!"

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினேன். முனியன் தலைமுழுகி, ஈர வேட்டியோடு தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தான்.

"காப்புக் கட்டியாச்சே, ஐயா. கள்ளு, கவிச்சி, ஆத்துத்தண்ணி ஒண்ணும் ஆகாது. காய்ச்சின தண்ணிதான்."

"அது ஊசிக்கு அடையாளமப்பா!"

"தெரியும் ஐயா. ஊசி டாக்டருக்கு. நூலு ஆத்தாளுக்கு."

"அவிழ்த்துவிடு!"

லயமே மூச்சை இழுத்துக்கொண்டது. "திருவிழா முடியாம காப்ப அவுக்கச் சொல்றாரே!" என்று அஞ்சலை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நூல் இல்லாதவர்களோ ஆனந்தமாக இருந்தார்கள். காப்புக்காரர்களின் பங்குக் கள்ளும் அவர்களுக்கே. கருவாடு, பாசார் கடைப் பலகாரம், ஆற்றுத்தண்ணீர், எதற்கும் தடையில்லை.

இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி இருக்கவேண்டுமே! மின்விசிறி என் கண்முன் மெல்ல நின்றுகொண்டிருந்தது.

வேறு வழி தெரியவில்லை. ஒரு கையில் கள்ளு, மறு கையில் பொரித்த மீன். வீடு வீடாகப் போனேன்.

"முனியா, விஞ்ஞானத்துக்காக ஒரு வாய் குடி!"

"ஐயோ, சாமி குத்தம்!"

"அரை வாய்?"

அஞ்சலை விளக்குமாற்றோடு வந்தாள். "நா தெனம் திட்டியும் விடாத மனுசன். ஆத்தா புண்ணியத்துல விட்டிருக்காரு. நீங்க ஊத்தித் தர வந்துட்டீங்களா? போங்கய்யா!"

போனேன். கள் சட்டையில் கொட்டியிருந்தது. வழியில் பூசாரி எதிரே வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்.

திருவிழா முடிந்ததும் டாக்டர் வந்தார். நூல்காரர்கள் பளபளவென்று நின்றார்கள். நூலில்லாதவர்கள் நிற்கவே இல்லை; புதருக்கும் லயத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு உயிர் வந்தது. "இடப்பக்கத்துப் போத்தல் நன்றாக வேலை செய்திருக்கிறது, ஐயா!"

டாக்டர் மெதுவாக உட்கார்ந்தார். "அதுதான் காணும் உப்புத் தண்ணி."

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? மஞ்சள் முதல் விளக்குமாறு வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

"உம்மைக் கட்டாயம் சிபாரிசு பண்ணுறன்."

"டவுன் ஆபீசுக்கா, ஐயா?"

"கோயில் கமிட்டிக்கு."

அதுவும் பலிக்கவில்லை. காப்புக் கட்டியவனுக்குக் கள் ஊற்றப் போனவனைக் கோயில் வேலைக்கு எடுப்பதில்லையாம்.