ஏழாம் மாடி தராத கழுத்து

“…கோவம் ஒண்ணுமில்ல மருமவனே. கோழி நல்லாத்தான் இருக்கு, கொள்ளாம். எனக்க தொழிலு பிடிக்கல்லண்ணா எங்கிட்ட நேர்ல சொல்லப்பிடாதா? இப்பிடியா வெளிச்சம் போட்டு காட்டுகது?” என்றார் பால்ராஜ் மாமா, நாகர்கோவிலில் எங்கள் பதினோரு மாடி ஃபிளாட்டை அண்ணாந்து பார்த்தபடி.

மாமா களியக்காவிளையில் கறிக்கோழி மொத்த வியாபாரி. தன் மகள் ஷீபாவுக்கும் எனக்கும் நிச்சயதார்த்த நாள் குறிக்கத்தான் அன்று வந்திருந்தார். மேலே, இரண்டு மாடி உயரத்துக்கு சீரியல் லைட்டில் ஒரு வெள்ளைக் கோழி எரிந்துகொண்டிருந்தது. போட்டவன் நான். போட நினைத்தது மயில்.

துபாயில் ஏழு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவனுக்கு ஊரில் எதைப் பார்த்தாலும் இளக்காரம். (ஸ்பேனரோடு அண்ணாந்து பார்த்த கட்டடங்களை எல்லாம் நானே கட்டியதுபோல் பேசுவேன்.) பக்கத்து ஃபிளாட் கட்டடத்தின் வாசலில் ஃபைபரில் ஒரு டால்பின் வைத்திருந்தார்கள். வாயிலிருந்து பீய்ச்ச வேண்டிய தண்ணீர் வயிற்றில் கசியும். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “நம்ம கட்டடத்துல லைட்டுலயே ஒரு மயிலு தோகைய தொங்கவிட்டு நிக்கும். பார்வதிபுரம் பாலத்துல போறவன் வண்டிய நிறுத்திப் பாப்பான்” என்று ஃபிளாட் சங்கக் கூட்டத்தில் முழங்கினேன். நான்தான் செயலாளர். போட்டியிட வேறு ஆள் இல்லை.

ரோட்டைப் பார்த்த பக்கம் மாடிக்கு ஒரு வீடு. தோகை இரண்டு, மூன்று, நான்கில்; உடம்பு ஐந்து, ஆறில்; கழுத்து ஏழில்; தலை எட்டில். வாட்ஸ்அப் குரூப்பில் அறிவித்தேன். கட்டைவிரல்கள் குவிந்தன. ஏழாம் மாடி ஸ்டெல்லாக்கா மட்டும் அசையவில்லை. லிஃப்டில் பிடித்துக் கேட்டேன்.

“எனக்க பால்கனி வழியா கழுத்து போவாது, கேட்டியா?”

“ஏன்க்கா?”

“காதுகுத்துக்கே வீடேறி வந்து சொல்லுகானுவ. நீ எனக்க வீட்டுல கழுத்து வைக்கதுக்கு போன்ல மெசேஜ் போடுக!”

நான் ஆறு, அவர் ஏழு. இருபது படி. ஏறிப்போய் ஒரு காப்பி குடித்திருந்தால் முடிந்தது. செயலாளர் ஏறுவாரா? “துபாயில எவனும் எவன் வீட்டுக்கும் போய் கேக்கமாட்டான்க்கா” என்றேன். மறுநாள் இரண்டு, மூன்று, நான்காம் மாடிகளும், ‘எங்ககிட்ட மட்டும் வந்து கேட்டியா?’ என்று கட்டைவிரலைத் திரும்ப எடுத்துக்கொண்டன. தோகையும் போயிற்று. கழுத்தில்லாமல் தலை எட்டாம் மாடியில் தனியாகத் தொங்க முடியாது. மிஞ்சியது ஐந்தும் ஆறும். ஐந்தாம் மாடிக்காரர்கள் குவைத்தில். ஆறு என் வீடு.

“தலைய எறக்கி உடம்புலயே ஒட்டிருவோம் அண்ணே” என்றார் லைட் காண்ட்ராக்டர். “நீல லைட்டு வரல்ல, வெள்ளதான் இருக்கு. தூரத்துல நின்னு பாத்தா மயிலுதான்.”

எவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை.

இதில் இன்னொரு கேவலமும் உண்டு. பெண்வீட்டுத் தொழிலைச் சொல்ல வெட்கப்பட்டு, ‘மாமாவுக்கு எக்ஸ்போர்ட் பிசினஸ்’ என்று கட்டடம் முழுக்கப் பரப்பியிருந்தேன். (எல்லை தாண்டிக் கேரளாவுக்குக் கோழி போவதும் ஏற்றுமதிதானே!)

சாயங்காலம் ஏழு மணிக்கு சுவிட்சைப் போட்டேன். வாசலில் கூடியிருந்தவர்கள் கைதட்ட எடுத்த கைகள் அப்படியே நின்றன. கொண்டை எடுப்பாக இருக்கட்டும் என்று நானே கேட்டு வாங்கிய சிவப்பு லைட் உச்சியில் பளபளத்தது. ரோட்டில் ஒரு பைக் நின்றது.

“அண்ணே, கடை எப்ப தொறப்பு? லெக் பீஸ் தனியா கிட்டுமா?”

அந்த நேரம் பார்த்துதான் மாமாவின் கார் வந்து நின்றது. முதலில் நான் எழுதிய அந்தக் கேள்வியையும் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் கூட்டத்தில் நின்ற ஸ்டெல்லாக்கா முந்திக்கொண்டார்.

“ஓ, இவன் எக்ஸ்போர்ட்டுன்னு சொன்னது உங்களைத்தானா?”

“எக்ஸ்போர்ட்டா? ஆரு?” மாமாவின் முகம் சுருங்கியது.

“மாமா, அது மயிலு” என்றேன். அதைவிட அசிங்கமான ஒரு வாக்கியத்தை நான் இதுவரை பேசியதில்லை.

“மயிலுக்க கழுத்து எங்க?”

“ஏழாம் மாடி தரல்ல.”

“இவன் கேக்கல்ல” என்றார் ஸ்டெல்லாக்கா.

நிச்சயதார்த்தம் ஆறு மாதம் தள்ளிப்போனது. கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது. இன்றும் மாமியார் வீட்டுப் பந்தியில் கோழிக்குழம்பு வந்தால் கழுத்துத் துண்டு வேறு எந்த இலைக்கும் போகாது. “மயிலுக்கு வைங்க!” என்று ஷீபாதான் முதலில் குரல் கொடுப்பாள்.

ஆனால் அன்று, ஸ்டெல்லாக்கா சொன்னதைக் கேட்டதும் மாமா திரும்பி நடந்தார். போய்க் கார் டிக்கியைத் திறந்தார். எங்கள் வீட்டுக்கென்று வெட்டிக் கழுவி ஐஸில் வைத்துக் கொண்டுவந்திருந்த கோழிக்கறிப் பையைத் தூக்கினார். நான் இரண்டு கைகளையும் நீட்டினேன்.

“ஒனக்குத்தான் மேல ஒண்ணு நிக்குதே” என்று சொல்லிவிட்டு, பையை ஸ்டெல்லாக்காவின் கையில் கொடுத்தார்.