பதினேழாம் வீட்டுக்காரர்

அந்த ஒரு கோடு மட்டும் அடங்க மாட்டேன் என்றது.

திரையில் மொத்தம் இருபது கோடுகள். தனியாக வாழும் இருபது பேரின் வீடுகள். தொற்றுநோய்க் காலத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, அவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசினார்கள் என்று காட்டும் படம். பத்தொன்பது கோடுகள் ஒழுங்காகக் கீழே இறங்கின. பதினேழாவது மட்டும் நூல் அறுந்த பட்டம் மாதிரி மேலே போய்க்கொண்டிருந்தது.

"தினமும் நாலு மணி நேரப் பேச்சு! தனி ஆளு, யார்கிட்ட பேசியிருப்பாரு?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள் ஆய்வை நடத்தியவள்.

"என்னைக் கேட்டா? வீட்டுக்கு வீடு வெச்ச என் பெட்டி வார்த்தையை எண்ணும், அவ்வளவுதான். என்ன பேசினாங்க, யார்கிட்ட பேசினாங்கன்னு ஒண்ணையும் பதிவு பண்ணாது. அதோட பெருமையே அதுதான்," என்றான் கருவியை உருவாக்கிய பொறியாளன்.

கருத்தரங்கில் அவர்கள் முறை வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. முன்வரிசையில் 'கத்தரிக்கோல்' வந்து உட்கார்ந்தாயிற்று. அந்தப் பெரிய விஞ்ஞானி கை வைத்த கட்டுரை பாதியாகத்தான் திரும்பி வரும். அதனால் அந்தப் பெயர். இந்த ஆய்வைத் தொடர்வதா, இழுத்து மூடுவதா என்று முடிவு சொல்லப் போகிறவரும் அவரேதான். மூன்று வருட உழைப்பு அவர் தலையாட்டலில் தொங்கியது.

"பதினேழைத் தூக்கிட்டா?"

"அச்சடிச்ச சுருக்கத்துல இருபது பேர்னு போட்டிருக்கு. அது அவர் கையில இருக்கு. பத்தொன்பதைக் காட்டினா விடுவாரா?"

"அப்போ, 'கருவிக் கோளாறு'ன்னு ஓரமா ஒரு வரி..."

பொறியாளன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "உனக்கு அடுத்து நான் பேசறேன். தலைப்பு என்ன தெரியுமா? 'பிழையே செய்யாத கருவி!'"

வேறு வழியில்லாமல் பதினேழாம் வீட்டுக்காரருக்கே போன் போட்டாள். அவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டியவர்.

"சார், ஒரு சின்ன சிக்கல். ஊரடங்கு சமயத்துல நீங்க யார்கிட்ட அவ்வளவு பேசினீங்க?"

"ஏன் மேடம், என்னால ஏதாவது தப்பாயிடுச்சா?"

"அதெல்லாம் இல்ல சார். இன்னைக்கு மேடையில பதில் சொல்லணும். அதான்..."

"எந்த இடம் மேடம்?"

பதற்றத்தில் சொல்லித் தொலைத்தாள்.

"வந்துட்டேன்."

தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை அழைத்தும் அவர் எடுக்கவில்லை.

"கெட்டுது போ! யார் யார் கலந்துக்கிட்டாங்கன்னு வெளிய சொல்ல மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்!" என்றான் பொறியாளன்.

"வந்தா நீதான் வாசல்லயே மடக்கணும்."

அவன் முன்வாசலில் காவல் நின்றான். பழக்க தோஷத்தில் மெக்கானிக் சர்வீஸ் லிஃப்டில் ஏறி, பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார்.

மேடையில் அவள் கோடுகளை விளக்கி முடிப்பதற்குள் கத்தரிக்கோலின் விரல் உயர்ந்தது.

"பதினேழு யாரு?"

"அது ரகசியம் சார். சொல்லக் கூடாது."

"நான்தான் சார் அது!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சட்டைப் பையில் ஸ்பானரோடு ஒருவர் எழுந்து நின்றார்.

அரங்கமே திரும்பிப் பார்த்தது. அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்ட பேசினீங்க?" என்றார் கத்தரிக்கோல்.

"அந்தப் பெட்டிகிட்டதான் சார்."

"பெட்டிகிட்டயா! என்ன பேசினீங்க?"

"முதல்ல லிஃப்ட் பராமரிப்புப் புத்தகத்தை முழுசா படிச்சுக் காட்டினேன். அப்புறம் வாஷிங் மெஷின் கையேடு. அதுவும் தீர்ந்ததும் மாத்திரையோட வர்ற காகிதம். பக்கவிளைவு மட்டுமே நாற்பது நிமிஷம் ஓடும் சார்."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. கத்தரிக்கோல் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மெல்லத் துடைத்தார்.

"சிரிக்காதீங்க. பேச ஆளில்லாத மனுஷன் ஒரு பெட்டியைத் துணையாக்கிக்கிட்டிருக்கார். மத்த பத்தொன்பது கோடும் நமக்குத் தெரிஞ்ச சோகம். இந்த ஒண்ணுதான் கண்டுபிடிப்பு. இந்த ஆய்வு நிக்கக் கூடாது."

கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

வெளியே நடைபாதையில் அவள் மெக்கானிக்கின் எதிரில் போய் நின்றாள்.

"மன்னிச்சிடுங்க சார். அவ்வளவு தனிமையில நீங்க தவிச்சிருக்கீங்க. நாங்க என்னடான்னா கோடு போட்டுக்கிட்டிருந்தோம்."

பொறியாளன் உறையே பிரிக்காத புதுப் பெட்டி ஒன்றை இரு கைகளாலும் நீட்டினான். "இது உங்களுக்குத்தான் சார். இனிமே துணைக்கு ஆளில்லைன்னு நினைக்காதீங்க."

மெக்கானிக் இரண்டடி பின்வாங்கினார்.

"ஐயையோ, வேணாம் தம்பி! 'பத்து நாளா உங்க வீட்டுல எண்ணிக்கை பூஜ்யம், இப்படியே போனா ஆய்வை மூடிடுவாங்க'ன்னு மேடம் என் வாசல்ல நின்னு கண் கலங்கினாங்களேன்னுதான் ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசினேன். மத்தபடி எனக்குப் பேசறதுன்னாலே பிடிக்காது!"